முனீஸ்வரி அழிக்காமல் விட்டது

முனீஸ்வரிக்கு வயிறு எரியத் தொடங்கியது போன ஜூன் மாதம். அதற்கு முன்னால் பதினோரு வருடம் அவள் பாட்டுக்கு நிம்மதியாகத்தான் இருந்தாள்.

மதுரை வில்லாபுரத்து வீட்டிலிருந்து ஆரப்பாளையம் வந்து, அங்கே சோழவந்தான் பஸ் பிடித்து, வழியில் இருக்கும் கலைக் கல்லூரியில் இறங்குவாள். கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர் வேலை. முப்பது கம்ப்யூட்டரையும் தூசி தட்டி, கழன்ற வயரைச் செருகி, வருகிற பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆர்டரில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் ஜாவா எழுதும் பிள்ளைகளுக்கு எரர் வந்தால் அவள்தான் கதி. கிளாஸுக்கு ஒரு பெயரும் ஃபைலுக்கு வேறு பெயரும் வைத்துவிட்டுத் திருதிருவென்று முழிப்பார்கள். போகிற போக்கிலேயே, "ரெண்டுக்கும் ஒரே பேரா வைப்பா" என்பாள். கிளாஸ் என்றால் என்ன, ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

"செங்கச் சூளைல அச்சு பாத்திருக்கேல்ல? அந்த அச்சுதேன் கிளாசு. அதுல அறுத்துப் போடுற ஒவ்வொரு கல்லும் ஆப்ஜெக்ட்டு. அச்சு ஒன்னு இருந்தா கல்லு எம்புட்டு வேணும்னாலும் அறுக்கலாம்."

சும்மா இல்லை, அஞ்சல் வழியில் எம்.சி.ஏ. முடித்தவள். ஆசிரியர் வேலை கேட்டு முதல்வரிடம் மூன்று முறை மனு கொடுத்தாள். மூன்று முறையும் அவர் "பாப்போம்மா" என்றார்.

ஜூனில் அந்த வேலைக்கு வந்து உட்கார்ந்தவள் ஜாய்ஸ். இருபத்து நான்கு வயது, அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். சரி, கிடைத்தவள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று முனீஸ்வரியும் ஒரு வாரம் பெரிய மனசு பண்ணிப் பார்த்தாள். இரண்டாவது வாரம் முதல்வர் லேபுக்கு வந்தபோது, ஜாய்ஸ் போர்டில் ஒரு செங்கல் அச்சை வரைந்துகொண்டிருந்தாள். எந்தப் பிள்ளையோ சொல்லியிருக்கிறது. "அருமையான உதாரணம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார் முதல்வர். மூலையில் கீபோர்டு துடைத்துக்கொண்டிருந்த முனீஸ்வரிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து ஜாய்ஸ் எதைச் செய்தாலும் அவளுக்கு ஆகவில்லை. சிரித்தால் ஆகவில்லை. "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டால் அதைவிட ஆகவில்லை. எரர் வந்தால் "அக்கா!" என்று கூப்பிட்ட பிள்ளைகள் இப்போது "மேடம்!" என்று கூப்பிட்டார்கள். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்த மாதிரி இருந்தது.

மார்ச்சில் முதல்வரே கூப்பிட்டார். "வர்ற ஜூன்ல இன்னொரு செக்‌ஷன் வருதும்மா. நீ நல்லா ஜாவா சொல்லித் தர்றேன்னு பிள்ளைக சொல்லுதுக. உன்னையத்தான் நெனச்சிருக்கேன். பிராக்டிக்கல் பரீட்சை முடியட்டும்" என்றார். வேறு யாராவது என்றால் அதோடு அடங்கியிருப்பார்கள். முனீஸ்வரிக்கு வேலை கிடைத்தால் மட்டும் போதவில்லை. ஜாய்ஸ் நாலு பேர் முன்னால் முழிக்கவும் வேண்டியிருந்தது.

அதற்கு வழியும் இருந்தது. ஜாவாவில் நாம் எழுதுவது ஒரு ஃபைல். அதைக் கம்பைல் பண்ணினால், அதாவது கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றினால், பக்கத்திலேயே இன்னொரு ஃபைல் உண்டாகும். ஓடுவது அந்த இரண்டாவதுதான். முந்தின வாரம் மாதிரித் தேர்வில் உண்டான அந்த ஃபைல்கள் முப்பது கம்ப்யூட்டரிலும் கிடந்தன. பரீட்சைக்கும் அதே கணக்குகள், அதே ஃபைல் பெயர்கள்தான். அவற்றை அழிக்காவிட்டால், பரீட்சையில் பிள்ளைகள் தப்பாக எழுதினாலும் பழையது ஓடிச் சரியான விடையைக் காட்டிவிடும். இதைச் சொல்லி அழிக்கச் சொல்வது ஆசிரியரின் பொறுப்பு. ஜாய்ஸுக்கு இது தெரியவில்லை.

"எல்லாம் ரெடியாக்கா?" என்று மட்டும் பரீட்சைக்கு முந்தின நாள் கேட்டாள்.

"ரெடி மேடம்." மாட்டட்டும் என்று லேபைப் பூட்டிவிட்டு முனீஸ்வரி பஸ் ஏறினாள்.

மறுநாள் வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர், அருள்பாண்டி என்ற மாணவனின் பின்னால் வந்து நின்றார். கம்பைல் பண்ணியதில் மூன்று எரர். ஆனாலும் ஓடவிட்டான். விடை ஜோராக வந்தது.

"சராசரி கண்டுபிடிக்கிற வரியே நீ எழுதலையேப்பா. பெறகு சராசரி எங்கிருந்து வந்துச்சு?"

"தெரியல சார். ஆனா சரியாத்தேன் வந்திருக்கு" என்றான் அந்த மகராசன்.

ஃபைலின் தேதியைப் பார்த்தார் தேர்வாளர். போன வாரத் தேதி. முதல்வரை வரச் சொன்னார். அவர் வந்ததும் தேர்வாளர், "என்னம்மா இது?" என்று ஜாய்ஸைக் கேட்டார். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தெரியல சார்" என்றாள். கண் கலங்கியது.

அப்பாடா! முனீஸ்வரிக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. இது இன்னது என்று விளக்கிச் சொல்ல ஓர் அடி முன்னால் வந்தாள். அதற்குள் தேர்வாளரே இவள் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீங்கதான் லேப் பாக்குறதா? எத்தனை வருசமா?"

"பன்னெண்டாவது வருசம் சார்."

"அப்ப இதை அழிக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

முதல்வர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியும் என்றால் வேண்டுமென்றே விட்டவள், இருக்கிற வேலையும் போகும். தெரியாது என்றால் இதுகூடத் தெரியாதவள், ஜூன் மாதத்து வேலை போகும்.

"தெரியாது சார்."

"பிள்ளைக என்னமோ சொல்லுச்சுக, நானும் நம்பிட்டேன்" என்று முதல்வர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். தேர்வாளர் எல்லாவற்றையும் அழிக்கவைத்து, எப்படி என்று ஜாய்ஸுக்கும் விளக்கி, பரீட்சையை முதலிலிருந்து நடத்தினார்.

சாயங்காலம் லேப் காலியானதும் ஜாய்ஸ் பக்கத்தில் வந்தாள்.

"வருத்தப்படாதீங்கக்கா. யாருமே சொல்லித் தரலைன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லித் தர்றேன், உக்காருங்க." நாற்காலியை இழுத்துப் போட்டாள். நோட்டைத் திறந்து ஒரு கட்டம் வரைந்தாள். "செங்கல் அச்சு பாத்திருக்கீங்களாக்கா?"

முனீஸ்வரி உட்கார்ந்தாள்.

"பாத்திருக்கேன் மேடம்" என்றாள்.