அவன் வெளிக்கிடுகிற இடம்

இடியப்பம் பிழியும்போது அம்மாவுக்குக் கை ஒழியாது. அதனால் நான்தான் புத்தகம் வாசித்துக் காட்டுவேன். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குக் காலையும் மாலையும் அம்மா இடியப்பம் கொடுத்தார். இடியப்பம் அவிக்கும் குசினிக்கு அடுத்த அறையில், பாரிசவாதத்தில் விழுந்த பெரியப்பா கிடந்தார். அவருக்குப் பேச ஏலாது. ஏதாவது தேவையென்றால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். அடிக்கடி தட்டினார்.

புத்தகங்கள் எல்லாம் அட்டை கிழிந்த மலிவான சாகச நாவல்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான். அவனுக்கு வீடும் இல்லை, உறவும் இல்லை. ஏதோ ஓர் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குவான். அங்கே யாரோ யாருக்கோ அநியாயம் செய்துகொண்டிருப்பார்கள். அவர்களை அடித்து நொறுக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். ஒற்றை ஆளாக அவன் ஒரு கூட்டத்தையே மடக்குகிற இடத்தை நான் மூச்சு விடாமல் வாசிப்பேன். அம்மா பாதியில் நிறுத்துவார்.

"அடிபாடு கிடக்கட்டும். அவன் வெளிக்கிடுற இடத்தை வாசி."

கடைசிப் பக்கத்தைத் திருப்புவேன். வெறுந்தெரு, தூரத்தில் வருகிற பஸ். எந்த ஊருக்கென்று கேட்காமலே ஏறுவான். அந்த இடத்தில் அம்மாவின் கை உரலை அழுத்த மறந்து நிற்கும். சில நாட்களில் விசித்திரமான சந்தேகங்கள் கேட்பார். அவனுக்கு உடுப்புத் தோய்ப்பது யார்? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? புத்தகத்தில் அதொன்றும் இல்லை என்றால், குடுத்து வைச்சவன் என்பார். அவ்வளவு அடி வாங்குகிறவனை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று எனக்கு அம்மாமேல் கொஞ்சம் ஏளனம்கூட இருந்தது. இப்போது வேலை முடிந்து வரும் பஸ்ஸில், கைப்பேசியில், நானும் அதே மாதிரிக் கதைகளைத்தான் வாசிக்கிறேன். அடிபாடு வந்தால் விரலால் தள்ளிவிடுகிறேன்.

ஒரு பள்ளிக்கூட விடுமுறை நாளில் அப்பாவின் தங்கை, என் மாமி, நிலாவெளியிலிருந்து பெரியப்பாவைப் பார்க்க வந்தார். அண்ணனின் முதுகைத் தடவிப் பார்த்தவர், தோல் சிவந்திருக்கிறதே, வடிவாகத் திருப்பிப் படுக்க வைப்பதில்லையா என்று கேட்டார். அம்மா குசினிக்குள் போனார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பிறகு தேங்காய் வாங்கி வருவதாகச் சொல்லி, உடுத்திருந்த சேலையோடேயே வெளியே இறங்கினார்.

ஐஸ்பழம் கேட்கலாமென்று நான் பின்னால் போனேன். அம்மா தேங்காய்க் கடையைத் தாண்டி நடந்தார். பஸ் நிலையத்தில் புறப்பட நின்ற ஒரு பஸ்ஸில், பெயர்ப் பலகையை நிமிர்ந்தும் பார்க்காமல் ஏறினார். எனக்குப் புல்லரித்தது. யாரையோ காப்பாற்றத்தான் அம்மா போகிறார் என்று நினைத்தேன். பஸ் நகர்வதற்குள் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

என்னைக் கண்டதும் அம்மா ஏசவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். கொண்டக்டர் எங்கே போகவேண்டும் என்று கேட்டபோது, இது எதுவரைக்கும் போகிறது என்று திருப்பிக் கேட்டார். குச்சவெளி என்றார் அவர். அம்மா இரண்டு ரிக்கற் எடுத்தார்.

குச்சவெளியில், கடலைப் பார்த்த ஒரு கடையில் உட்கார்ந்தோம். எனக்குச் சாப்பிட ஒரு பணிஸ் வந்தது. கடைக்காரர் அம்மாவின் முன்னால் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். தனக்கென்று இன்னொருவர் ஊற்றிய அந்தத் தேத்தண்ணியை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் குடித்தார்.

"ஆரைப் பார்க்க வந்தனாங்கள் அம்மா?"

"ஒருத்தரையும் இல்லை." கொஞ்சம் கழித்து, "நீ ஏன் பிள்ளை வந்தனீ?" என்றார். குரலில் கோபம் இல்லை.

"நீங்கள் தனியப் போறியள் எண்டு."

"ஓம்," என்றார் அம்மா.

சுவரில் தலையைச் சாய்த்தார், அப்படியே நித்திரையாகிவிட்டார். வாய் இலேசாகத் திறந்திருந்தது. அம்மா பகலில் தூங்கி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கடைக்காரர் றேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். நான் பக்கத்தில் காவல் இருந்தேன். எதிரிகள் யாரும் வரவில்லை. மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கள்தான் போயின.

திருகோணமலை பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறந்தவர் சில கணங்கள் என்னை யாரென்று தெரியாதவர்போலப் பார்த்தார். பிறகு சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

வீட்டில் மாமி களைத்துப்போய் நின்றார். பெரியப்பாவுக்கு இரண்டு தரம் துணி மாற்ற வேண்டி வந்ததாம். தனி ஆளாகத் தூக்க ஏலாதாம். எங்கே போனீர்கள் என்றுகூடக் கேட்காமல், முகம் கழுவப் போய்விட்டார். உள்ளே பெரியப்பா தட்டினார். அம்மா அறைக்குள் போனார்.

சரியான நேரத்தில் எழுப்பி, பஸ்ஸைத் தவறவிடாமல் அம்மாவைக் கூட்டிவந்துவிட்டேன் என்று எனக்குச் சரியான பெருமை. நான் ஓடிப்போய் ஏறியிராவிட்டால் அம்மா எந்த பஸ்ஸில் திரும்பியிருப்பார், திரும்பியிருப்பாரா என்று யோசிக்கிற வயது இல்லை அப்போது எனக்கு.