போர்க்கொடி போட்ட டூட்டி லிஸ்ட்

அந்த வார்டில் அவளுக்குப் போர்க்கொடி என்று பெயர். சும்மா வந்த பட்டமில்லை. மாதாமாதம் நர்ஸுகளின் டூட்டி லிஸ்ட் சுவரில் ஏறியதுமே தலைமை நர்ஸின் மேஜைமுன் போய் நிற்பாள். கேட்ட நாளில் லீவு வாங்காமல் நகர மாட்டாள்.

தலைமை நர்ஸும் லேசுப்பட்டவர் இல்லை. அதிகம் குறை சொல்பவர்தான் அடுத்த மாத லிஸ்டைப் போட வேண்டும் என்று புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்தார். நாளைக்கு வார்டை நடத்தப் போகிறவர்கள் இவர்கள்தானே, தலைவலி இப்போதே பழகட்டும் என்று அவருக்கு எண்ணம். முதல் மாதம் அது யார் தலையில் விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

"இது என்ன பெரிய விஷயம், நான் போடறேன்க்கா," என்றாள் போர்க்கொடி. உள்ளுக்குள் கொண்டாட்டம்தான். இருபதாம் தேதி சாயங்காலம் மகளின் பள்ளி ஆண்டு விழா. நாடகத்தில் மகளுக்கு ராணி வேஷம். முதல் வேலையாக அன்றைக்குத் தனக்கு லீவு எழுதிக்கொண்டாள்.

அப்புறம்தான் வந்தது வினை. தனக்கு லீவு என்றால் அந்தக் கட்டத்தில் இன்னொருவர் பெயர் வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முன்பெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்று பழைய லிஸ்டுகளைப் புரட்டினாள். அவள் சண்டை போட்டு வாங்கிய லீவு நாட்களில் எல்லாம் ஒரே பெயர்தான் இருந்தது. எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்று மட்டும் சொல்வதால் சரிக்கா என்றே பெயர் வாங்கியவள். கடந்த மூன்று வருஷமும் பள்ளி ஆண்டு விழா அன்றைக்கு அவள்தான் டூட்டி. லீவு கொடுத்தது தலைமை நர்ஸ் என்று இத்தனை நாளும் நினைத்திருந்த போர்க்கொடிக்கு முகம் சுண்டிப்போனது.

மருந்து அறையில் சரிக்கா மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாசம் உனக்கு என்னிக்கு லீவு வேணும்?" என்று கேட்டாள் போர்க்கொடி.

இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"இருபதாம் தேதி கிடைக்குமா? என் பையனும் அதே ஸ்கூல்தான். வருஷா வருஷம் பாடறான், நான் இன்னும் கேட்டதில்ல. கஷ்டம்னா விட்டுடுங்கக்கா, பரவால்ல."

போர்க்கொடி கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஒருத்திதான் போக முடியும். தன் லீவை அழித்துவிட்டு அந்த இடத்தில் சரிக்காவின் லீவை எழுதினாள். மனசில்லாமல்தான், அதை மறைப்பானேன்.

இருபத்தொன்றாம் தேதி காலை, அப்பாவோடு விழாவுக்குப் போய்வந்த மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.  தலை பின்னி முடித்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"உன்கூட வேலை பாக்கற அத்தை ஏம்மா அப்படி அழுதாங்க? அவங்க பையன் நல்லாத்தானே பாடினான்."

"முதல் தடவையா கேக்கறாங்கல்ல, அதான்."

"முன்னாடியெல்லாம் ஏன் வரல?"

வார்டே அதிரப் பேசுகிறவள் மகளின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நான் வர விடல," என்றாள்.