சம்பந்தி யூனிட்டுக்குப் போன டெக்னீஷியன்

1. முதலிபாளையத்திலிருந்து ஒரு போன்

ஆபீஸுக்குள் நுழைந்து பையைக்கூட கீழே வைக்கவில்லை, போன் அடித்தது. பேசியவர் எங்கள் எம்.டி.யின் சம்பந்தி. முதலிபாளையத்தில் அவருக்கு ஒரு யூனிட் இருக்கிறது.

"ஏனுங்க ஸ்டெல்லாம்மா, போலீஸ்காரங்க வந்து ஆளுகளைச் செக் பண்ணீட்டு இருக்காங்க. வடக்கத்திப் பசங்க எல்லாம் ஆதாரைக் காட்டீட்டாங்க. உங்க புஷ்பாம்மா மட்டும் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிருச்சுங்க."

"புஷ்பா மேடம் உங்க யூனிட்ல என்ன சார் பண்றாங்க?"

"சம்பந்திதானுங்க அனுப்பிச்சாரு. லெக்கிங்ஸ்ல எலாஸ்டிக் சுருங்கீட்டே இருந்துச்சு. நேத்துல இருந்து லைன்ல நின்னு சரி பண்ணிக் குடுக்கறாங்க. போலீஸ்காரருகிட்டயும் அதையேதானுங்க சொன்னேன். 'நம்ம ஊட்டுப் பொண்ணாட்டம், சம்பந்தி அனுப்பிச்ச ஆளு'ன்னு."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எங்களுக்கு எதிரான வாக்குமூலத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் கொடுத்திருக்க முடியாது.

புஷ்பராணி இலங்கைக்காரர். அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, கொழும்பில் உள்ளாடை ஃபேக்டரிகளில் வேலை பார்த்துப் பெரிய டெக்னீஷியன் ஆனவர். நாங்கள் ஸ்போர்ட்ஸ் பிரா தைக்க ஆரம்பித்தபோது அந்த வேலை தெரிந்தவர் இங்கே கிடைக்கவில்லை. வேலை விசா வாங்கி அவரை அழைத்து வந்தோம். அந்த விசாவில் இருப்பது எங்கள் கம்பெனியின் பெயர். இன்னொருவர் ஃபேக்டரியில் அவர் ஒரு ஊசியைத் தொட்டாலும் அது விதிமீறல். போதாக்குறைக்கு, விசாவை நீட்டிக்கச் சொல்லி நாங்கள் போட்ட விண்ணப்பம் அந்த வாரம்தான் பரிசீலனையில் இருந்தது.

2. கைமாற்று

நான் தூத்துக்குடியிலிருந்து வந்து இந்த ஊர் பனியன் கம்பெனிகளில் எச்.ஆர். வேலை பார்த்தே தலை நரைத்தவள். இந்த ஊரில் பணத்தைவிட ஆட்கள்தான் அதிகம் கைமாறுவார்கள். பெருமாநல்லூரில் ஒருவருக்கு மெஷின் நின்றால் இங்கிருந்து ஃபிட்டர் போவார். எங்கள் கட்டிங் மாஸ்டர் லீவு போட்டால் பக்கத்து யூனிட் மாஸ்டர் வந்து நிற்பார். ஆடிட் நாளன்று தீயணைப்பு சிலிண்டரே கைமாற்றாகப் போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன். முடியாது என்று சொன்னால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

நான் சேர்ந்த புதிதில் வெளிநாட்டு ஆள் என்றால் மெஷினோடு கூடவே வரும் இத்தாலிக்காரர்தான். ஓட்டிக் காட்டுவார், பிரியாணி சாப்பிடுவார், போய்விடுவார். எந்த விசாவில் வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. பிறகு விதிகள் ஒவ்வொன்றாக மாறின. பிசினஸ் விசாவில் வந்தவர் வேலை பார்க்கிறாரா என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேலை விசாவுக்குச் சம்பள வரம்பு வந்தது. பதிவெல்லாம் ஆன்லைனுக்குப் போனது. வெளிநாட்டவரை நம் வீட்டில் தங்க வைத்தாலும் தகவல் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். இப்போது பழைய சட்டங்களை எல்லாம் சேர்த்து ஒரே சட்டமாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் எம்.டி.யிடம் போய்ச் சொல்வது என் வேலை. "பார்த்துக்கலாமுங்க" என்பது அவர் பதில்.

இத்தாலிக்காரரை அவர் ஒருநாளும் சம்பந்திக்கு அனுப்பியதில்லை. வெள்ளைக்காரரைப் பார்த்தால் விசா நினைவுக்கு வந்துவிடும். புஷ்பராணி தமிழ் பேசுகிறவர், பொட்டு வைக்கிறவர், கேன்டீனில் எல்லோரோடும் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிடுகிறவர். அவரை வெளிநாட்டவர் என்று நினைக்க எங்கள் எம்.டி.க்கு வரவே இல்லை.

3. காதுகுத்து விருந்து

போலீஸார் புஷ்பராணியின் பாஸ்போர்ட்டையும், லைனில் நின்ற அவரையும் படம் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் கம்பெனி எழுத்து மூலமாக விளக்கத்தோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எம்.டி. என்னையும் புஷ்பராணியையும் அறைக்குள் கூப்பிட்டார். அதற்குள் அவரிடம் ஒரு கதை தயாராக இருந்தது.

"சம்பந்தி ஊட்ல பேரனுக்குக் காதுகுத்துங்க. அந்த விருந்துக்குப் போனவங்க, அப்படியே ஃபேக்டரியைச் சுத்திப் பார்த்தாங்க. இப்படி எழுதிக் குடுத்துரலாமுங்க."

"கழுத்துல இன்ச் டேப்போட யாரு சார் விருந்துக்குப் போவாங்க? உங்க சம்பந்தியே போலீஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அவங்க எடுத்த போட்டோவுல டேப்பும் நல்லாத் தெரியும்."

"அதெல்லாம் யாரு பார்க்கறாங்க?"

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான் சார்."

"எட்டு நாள் போதுமுங்க. சம்பந்தி ஷிப்மென்ட் போயிரும்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் புஷ்பராணி. மாட்டினால் ஷிப்மென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. நாட்டை விட்டு அனுப்பப்படுவது அவர்தான். அவரோடு அவர் மகளும் போக வேண்டும். அந்தப் பெண் இங்கே பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் விசா இருக்கும் வரைதான் அவள் விசாவும். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது கிளம்பினால் அங்கே வேறு பாடத்திட்டம், வேறு பரீட்சை. ஒரு வருஷம் வீணாகும்.

புஷ்பராணி நேராக எம்.டி.யிடமே கேட்டார்.

"சேர், நீங்க போகச் சொன்னீங்க, நான் போனேன். அப்படியே எழுதுறதுல என்ன சேர் கஷ்டம்?"

"கம்பெனி பேரு கெட்டுப் போயிருமுங்க அம்மிணி."

"பொய் சொன்னவள்னு என் பேர்ல விழுந்தா, எனக்கு எந்த நாட்டுலயும் விசா கிடைக்காது சேர். நான் போறது பரவாயில்ல. மகள் பரீட்சை எழுதணும். அது போதும் எனக்கு."

எம்.டி. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் உண்மையை மட்டும் வைத்து ஒரு கடிதம் டைப் செய்து அவர் முன்னால் வைத்துவிட்டு வந்தேன். அன்று அவர் அதில் கையெழுத்துப் போடவில்லை. விருந்துக் கதையையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

4. "யார் சொல்லிப் போனீங்க?"

மறுநாள் மூன்று பேரும் போய், வெளிநாட்டவர் பதிவைக் கவனிக்கும் அதிகாரி முன்னால் உட்கார்ந்தோம். அவர் சத்தம் போடுகிற ரகமில்லை. புஷ்பராணியைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார்.

"ஊர் எதும்மா?"

"அட்டன் சேர்."

"அதுக்கு முன்னாடி? பாட்டன் பூட்டன் காலத்துல?"

"இந்தப் பக்கம்தான் சேர். சேலம்னு சொல்லுவாங்க. ஆனா அதுக்கெல்லாம் விசா தர மாட்டாங்களே."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் "நாடு: இலங்கை" என்றுதான் எழுதினார்.

"விசா இவங்க கம்பெனி பேர்ல இருக்கு. நீங்க முதலிபாளையம் போனது யார் சொல்லி?"

புஷ்பராணி எம்.டி.யைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் வேட்டியைச் சரி செய்தார், தண்ணீர் குடித்தார், கடைசியில் சட்டைப் பையிலிருந்து நான் டைப் செய்த கடிதத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் கசங்கியிருந்தது. கீழே கையெழுத்து இருந்தது. ராத்திரி வீட்டில் போட்டிருப்பார் போலிருக்கிறது.

"நான் சொல்லித்தானுங்க. அந்தப் புள்ளைக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. எங்கூர்ல ஆள் கேட்டா அனுப்பிப் பழக்கமுங்க. தமிழ் பேசற புள்ளையை வெளிநாட்டுக்காரங்கன்னு எனக்கு மனசுல படவே இல்லீங்க. தப்பு எம் மேலதானுங்க."

"உங்க மனசுல படலைன்னா பரவால்ல. உங்க எச்.ஆர். மனசுல பட்டிருக்குமே? அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"கேக்கலீங்க."

எம்.டி. அப்படிச் சொன்னதற்காக அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்குக் கொடுத்த தொல்லைகளில் பாதியை மன்னித்துவிட்டேன்.

முடிவு சில நாள் கழித்து வந்தது. கம்பெனிக்கு எச்சரிக்கையும் அபராதமும். புஷ்பராணிக்கு மகளின் பரீட்சை முடியும் வரை மட்டும் நீட்டிப்பு. அதன் பிறகு ஊருக்குப் போய், வேண்டுமானால் அங்கிருந்து புதிதாக விசா கேட்கலாம். அவர் மேல் தவறு எதுவும் பதிவாகவில்லை. ஃப்ளாட்லாக் தையல் மெஷின்களுக்கு நடுவே நின்று அதைப் படித்தார். "எழுதிருவா" என்று மட்டும் சொல்லிவிட்டு, எலாஸ்டிக் டென்ஷன் பார்க்கப் போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான்.

5. கற்றது

மகள் பரீட்சை எழுதினாள், நல்ல மார்க்கும் வாங்கினாள். பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் அம்மாவும் மகளும் புது விசாவோடு திரும்பி வந்தார்கள். அவர்கள் தங்கும் வீட்டு விவரம் வரை இந்த முறை நானே நின்று பதிவு செய்தேன்.

எச்.ஆர். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் விதிகளைப் பட்டியல் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார்கள். நான் தருவதில்லை. இன்று தரும் பட்டியல் அடுத்த வருஷம் பழசு. பழைய விதியை மனப்பாடமாக வைத்திருப்பவர்தான் முதலில் மாட்டுவார். அரசாங்க இணையதளத்தை அவ்வப்போது பாருங்கள் என்பேன். ஓர் ஆளை எங்கே அனுப்புவதாக இருந்தாலும், அனுப்ப நமக்கு அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் என்பேன்.

இதை எங்கள் எம்.டி. என்னைவிட நன்றாகச் சொன்னார். புஷ்பராணி திரும்பிய வாரமே சம்பந்தி நேரில் வந்துவிட்டார். அவருக்குப் புதிய ஆர்டர், பழைய எலாஸ்டிக் சுருக்கம். டீ குடித்து முடித்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு நாளைக்கு அந்தப் புள்ளையை அனுப்புங்க சம்பந்தி. யாருக்குத் தெரியப் போகுது?"

எம்.டி. டம்ளரைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, எம் பொண்ணையே உங்க ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டேன். அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்லீங்க. இந்தப் புள்ளையை அனுப்பறதுக்கு எனக்கு உரிமை இல்லீங்க."