பிள்ளையாருக்கு விட்ட மூலை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். பல நாட்கள் எழுதாமலே இருந்தேன். நடந்தது எதுவும் எனக்கு இன்னும் உறைக்கவில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது காட்பாடியில். அப்பாவுக்கு லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை கிடைத்தபோது கைக்குழந்தையாக ஐதராபாத்துக்கு வந்தவர். நான் பிறந்தது அங்கே குவார்ட்டர்ஸில். அப்பா பணியில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். பள்ளிப் படிப்பை முடித்திருந்த அண்ணனுக்கு அதே பணிமனையில் வேலை கொடுத்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தார், மணம் முடித்துக் கொடுத்தார். தம்முடைய திருமணத்தை அதுவரை தள்ளிப்போட்டார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. என் மகள் பிறந்ததும் நானும் என் கணவரும் அவர்கள் வீட்டு மாடிக்கே குடிவந்துவிட்டோம்.

அந்த வீடு அண்ணன் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு மௌலா அலியில் வாங்கியது. பின்புறம் ஐம்பது சதுர கஜம் மண் உண்டு. அதில் கனகாம்பரம் போட வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. அண்ணி தமக்காகக் கேட்டு நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான். ஆனால் மண் முழுக்க அருகம்புல்லும் கோரையுமாக இருந்தது. மேலே அறுத்தால் கீழிருந்து வரும் புல் இவை. அருகு வேர்த்தண்டாகவும் கோரை கிழங்காகவும் மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். அண்ணன் முதலில் கொத்திப் பார்த்தார். துண்டான ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாக எழுந்தது.

களைக்கொல்லி அடித்தால் தீர்ந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். என் மகள் அப்போது தவழ ஆரம்பித்திருந்தாள். கையில் கிடைப்பது எல்லாம் வாய்க்குப் போகும் வயது. நான் சும்மாவே பயப்படுகிறவள்.

"அண்ணா, மருந்து அடிச்சா பாப்பாவைக் கீழயே விடமாட்டேன்."

"சரிம்மா, அடிக்கல. அதுக்கு எதுக்கு கண்ணுல தண்ணி?"

அவ்வளவுதான் பேச்சு. அதன்பின் அண்ணன் புல்லுக்கு வெளிச்சம் படாதபடி மண்ணை மூடும் மூடாக்கு போட ஆரம்பித்தார். முதலில் மண்ணில் மட்கிவிடும் என்று சொல்லி விற்ற ஒரு மெல்லிய தாளை வாங்கி விரித்தார். பார்க்க பிளாஸ்டிக் போலவே இருந்தது. கோரை முளை ஊசி மாதிரி அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. வெயிலில் தாள் கிழிந்தும் போயிற்று. பிறகு கிரானா என்கிற மளிகைக் கடையில் அட்டைப் பெட்டிகள் கேட்டு வாங்கினார். டேப்பை உரித்து, பிரித்து, நனைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி பரப்பி, மேலே வேப்பஞ்சருகும் கரும்புச் சக்கையும் கொட்டினார். சக்கை கொடுத்தவர் சாலையோரம் கரும்புச்சாறு விற்பவர். அட்டை மழையில் மட்கினால் அதன் மேலேயே அடுத்த அடுக்கு. "வெளிச்சம் இல்லாம அது தன் சேமிப்பையே தின்னு தீர்க்கணும். நாம அவசரப்படக் கூடாது" என்பார். எந்த விஷயத்திலும் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதல் வருடம் விநாயக சவிதிக்கு, அதாவது நம் பிள்ளையார் சதுர்த்திக்கு, முந்தின நாள், கோடி வீட்டு லட்சுமம்மா தட்டோடு வந்து கேட் அருகே நின்றார். அந்த இடம் காலி மனையாக இருந்த காலத்திலிருந்தே காலனிப் பெண்கள் பூஜைக்கு அருகு பறித்துப் போவது அங்கேதான். அவர்கள் அதைக் கரிக என்பார்கள். ஒரு புல் கூடத் தெரியாமல் எல்லாம் மூடிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவர் வெறும் தட்டோடு திரும்பினார். அண்ணன் ஓடிப்போய் அழைத்து வந்து, தெற்கு மூலையில் அட்டையை விலக்கினார். அடியில் புல் வெளுத்துப்போய், ஆனால் உயிரோடு இருந்தது. பறித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த மூலையை மூடவில்லை.

அங்கிருந்துதான் அருகு கொடி ஓடி மறுபடியும் மூடாக்குக்கு அடியில் நுழையும். அது அண்ணனுக்குத் தெரியாததல்ல. மூலையைச் சுற்றி ஒரு சிறு பள்ளம் எடுத்து, தினமும் காலையில் கத்தரியோடு உட்கார்ந்து, பள்ளத்தைத் தாண்டுகிற கொடிகளை வெட்டிக்கொண்டிருப்பார்.

"பிள்ளையாருக்கு ஒரு மூலை, எனக்கு மூணு மூலை. பங்கு சரியாத்தான் இருக்குது" என்று சொல்வார்.

"எங்க சரியா இருக்குது? அவரு தும்பிக்கையை நீட்டி உங்க மூணு மூலைக்கும் வர்றாரே!" என்பார் அண்ணி.

போன ஆடியில் ஒரு காலை, அந்த மூலையில் உட்கார்ந்தபடியே அண்ணன் சாய்ந்துவிட்டார். கத்தரி கையில் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. மாரடைப்பு என்றார்கள். மாலையில் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் மகளைப் பள்ளி வேனிலிருந்து யார் இறக்கினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

நன்றாக நினைவிருப்பது ஒன்றுதான். உறவினர்கள் உட்காரப் பின்புறம் பந்தல் போடலாம் என்று ஆட்கள் வந்தார்கள். ஒருவர் அட்டையின் ஓரத்தைத் தூக்கி, "யே கச்சரா ஃபேக் தூங் கியா, அம்மா?" என்று கேட்டார். குப்பையைத் தூக்கிப் போடட்டுமா என்கிறார். நான், "நக்கோ! ஹாத் நக்கோ லகாவ்!" என்று கத்தினேன், வேண்டாம், கை வைக்காதே என்று. காட்பாடி மாமா என் தோளைப் பிடித்து, "பாவம், அதிர்ச்சியில இருக்குது புள்ள. குப்பைதானேம்மா, உடு" என்றார்.

"குப்பை இல்ல மாமா. அண்ணன் போட்டது. இந்த மழையும் அது அங்கயே கிடக்கணும்."

பந்தலைத் தெருவில் போட்டார்கள். தூறல் நிற்கவே இல்லை. வந்த எல்லோரும் சேற்றில் நின்றீர்கள்.

அடுத்து சவிதி வந்தது. அதுவரை மூலைப் பக்கம் யாரும் போகவில்லை. அண்ணி ஒரு அட்டையின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் வெள்ளைக் கொடிகள் நெடுகப் போயிருந்தன. "அந்த மூலையையும் மூடிடும்மா. சாவு வீட்டுப் புல்லை யாரு எடுப்பாங்க? அவரு பட்டதெல்லாம் வீணாப்போகுது" என்றார். நான் பெட்டிகளைப் பிரித்து நனைத்துக்கொண்டிருந்தேன். அப்போது லட்சுமம்மா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் தட்டு இல்லை. உள்ளே வரவும் இல்லை. அண்ணியைப் பார்த்து, "ஈ ஏடு வத்தம்மா. வச்சே ஏடு வஸ்தாம்" என்றார். இந்த வருடம் வேண்டாம், வரும் வருடம் வருகிறோம் என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணி என் கையிலிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "மூடாத. வருவேன்னு சொல்லிட்டுப் போறாங்க" என்றார். அன்றுதான் அண்ணி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. நனைத்த அட்டைகளைக் கொடி போயிருந்த இடத்தில் இரண்டாம் அடுக்காகப் போட்டேன்.

மறுநாளிலிருந்து மகள் வேன் ஏறியதும் நான் கத்தரியோடு மூலைக்குப் போகிறேன். முன்பெல்லாம் வேன் பள்ளி போய்ச் சேரும் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பேன். இப்போதும் போன் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் வெட்டிக்கொண்டிருக்கிறேன். சில நாள் மகளும் வந்து உட்காருகிறாள். "மாமா இலா காது கட் சேசேதி" என்று திருத்துகிறாள். மாமா வெட்டுவது இப்படி இல்லையாம்.

மற்ற மூன்று மூலையிலும் அருகு அடங்கிவிட்டது. கோரை இன்னும் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கிறது. தை பிறந்ததும் அண்ணி மூடாக்கில் துளையிட்டுக் கனகாம்பரம் நட்டார். பூத்திருக்கிறது. அண்ணி வைத்துக்கொள்வதில்லை. அண்ணன் படத்துக்குப் போட்டது போக மீதியை என் மகளின் பின்னலில் வைக்கிறார்.

அண்ணனைத் தூக்கிச் சென்ற பணிமனை நண்பர்களுக்கும், ஊரிலிருந்து வந்து தெருச் சேற்றில் நின்ற உறவினர்களுக்கும், கோபிக்காமல் பந்தலை மாற்றிப் போட்டவர்களுக்கும், பெட்டி கொடுத்த கடைக்காரருக்கும், சக்கை கொடுத்தவருக்கும், அன்று என் மகளை வேனிலிருந்து இறக்கிச் சோறு ஊட்டிய, யாரென்று நான் அறியாத அந்தக் கைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

காலனியில் தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு என் மகள் வீடு வீடாகப் போய்த் தெலுங்கில் சொல்லிவிட்டு வந்தாள். இங்கே தமிழிலும் எழுதிவிடுகிறேன். வருடம் முடிந்துவிட்டது. சவிதி வருகிறது. மூலையில் புல் நன்றாக இருக்கிறது. தட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.