முதலாளி வண்டியின் கறுப்புப் பட்டைகள்

‘எங்கள் வண்டி வந்தால் சாலையில் எல்லோரும் ஒதுங்கி நின்று மரியாதை செய்வார்கள்.’ ஐந்தாம் வகுப்பில் நான் எழுதிய ‘எங்கள் வாகனம்’ கட்டுரையில் இப்படி ஒரு வரி உண்டு. டீச்சர் அதன் கீழே சிவப்பு மையில் கோடிட்டு ‘நன்று’ என்று போட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கட்டுரை எழுதிய முதல் ஆள் நான்தான் என்பதால் அந்த நோட்டை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த வரியைத்தான் யாருக்கும் காட்டுவதில்லை.

அப்பா பத்து வருடம் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்ட முதலாளிக்கு ஜீப்பு ஓட்டினார். முதலாளி புது வண்டி எடுத்தபோது பழையதை அப்பாவுக்கே விட்டுக்கொடுத்தார். இனி யாருக்கும் கதவு திறந்துவிட வேண்டியதில்லை, சொந்த வண்டியில் காயெடுக்கும் பெண்களைக் காலையில் எங்கள் ஊர் சிலமலையிலிருந்து மலைக்கு ஏற்றிப்போய் சாயங்காலம் இறக்கிவிட்டால் போதும் என்று வேலையை விட்டுவிட்டு வந்தார்.

அது மற்ற ஜீப்புகள் மாதிரி இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் மேலே ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக் வளைவுகள் புடைத்துக்கொண்டு நிற்கும். கதவுகளின் கீழ்ப்பாதி முழுக்க அதே கறுப்பில் அகலமான பட்டை. கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்ததாம். இரண்டு கொண்டையூசி வளைவுகளுக்குக் கீழே வரும்போதே, மேலே நிற்பவர்கள் அந்தக் கறுப்பு வளைவுகளைப் பார்த்து யார் வண்டி என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அவை வண்டியின் புருவங்களாகத் தெரிந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நனைத்த துணியால் துடைப்பேன்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று எங்களை ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார் அப்பா. அம்மா ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி, மண்ணைத் தட்டி, மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. நானும் அப்படியே செய்தேன். அதுதான் முறை என்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் பஸ் நிறுத்தத்தில் தூக்குவாளியும் பிளாஸ்டிக் சாக்குமாகப் பெண்கள் நின்றார்கள். அப்பா வண்டியை நிறுத்தினார். ஒருவரும் ஏறவில்லை.

“அய்யய்யே, சேத்துக் காலோட அதுல எப்படிண்ணே ஏறுறது?”

“இப்ப இது என் வண்டிதாம்மா.”

“ஒங்க வண்டிதான், யாரு இல்லேன்னா? நாங்க இந்தா, அந்த ஜீப்புல தொத்திக்கிறோம்.”

பதினைந்து பேர் ஏறிய ஜீப்பில் மேலும் ஆறு பேர் தொத்திக்கொண்டு போனார்கள். அந்த ஜீப்பின் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மொதலாளி வர்றாருடோய், துண்டை எறக்குங்க!” என்று கத்தினான். முதல் மூன்று நாள் அப்பாவும் அதற்குச் சிரித்தார்.

மூன்று வாரம் இப்படியே போனது. வண்டி காலியாக ஏறியது, காலியாக இறங்கியது. அம்மாவும் அதே தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறவள்தான். நீயாவது உன் கூட்டத்தை இதில் ஏற்றக்கூடாதா என்று அப்பா கேட்டதற்கு, “அவளுக வரமாட்டேங்குறாளுக. நான் மட்டும் தனியா கார்ல வந்து எறங்குனா நல்லாருக்குமா?” என்றாள். அந்த மாதம் முழுக்க இப்படியே கழிந்தால் மறுபடி முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. நான் கவலைப்படவில்லை. சாலையில் நாங்கள் போகும்போது ஆட்கள் ஒதுங்குவதையும், பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பதையும் முன்சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் எனக்கு எல்லாம் நன்றாகவே நடப்பதாகத் தோன்றியது.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் அப்பாவோடு மலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் தோட்டத்து மண்பாதையில் மூடுபனி இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு வளைவில் திரும்பினோம். எதிரே வேலை முடிந்து வந்துகொண்டிருந்த பத்துப் பெண்கள் சட்டென்று பாதையை விட்டு ஏலச்செடிகளுக்குள் இறங்கினார்கள். தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார்கள். நான்காவதாக நின்றவள் என் அம்மா.

“அம்மா!” என்று நான் கத்தினேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அடச்சே, நம்ம வண்டியா! காலு தன்னால எறங்கிருச்சுடி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “நீங்க குடும்பமாப் போங்க, நாங்க வர்றோம்” என்று மற்றவர்கள் நடந்துவிட, அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். அப்பா மட்டும் சிரிக்காமல் வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவரை உற்சாகப்படுத்தலாம் என்று கட்டுரை நோட்டை எடுத்துவந்தேன். கையெழுத்துப் போடவும் ஊர்ப்பலகை படிக்கவும் மட்டுமே தெரிந்த அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டுவது மிகவும் பிடிக்கும். ராகம் போட்டு வாசித்தேன். சிவப்புக் கோடு போட்ட இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்த வரிய இன்னொருக்கா படி ஆத்தா.”

இன்னும் சத்தமாகப் படித்தேன்.

“யாரு யாரு ஒதுங்குவாங்கன்னு எழுதலையா?”

“எல்லோரும்னா எல்லோருந்தாம்ப்பா” என்றேன், டீச்சர் சொல்லும் தொனியில்.

பின்பக்கம் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது. அப்பா எழுந்துபோய் வண்டியின் முன்னால் நின்றார்.

மறுநாள் காலையில் போடியில் டிங்கர் பட்டறையில் வேலை செய்யும் மாமா, அம்மாவின் தம்பி, ஸ்பானர் பையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே வைக்காமலே நின்றார்.

“கம்பெனி பிட்டிங் மச்சான்! அவனவன் இதைத் தேடி வாங்கி மாட்டுறான். கழட்டிட்டா வண்டி மொகமே போயிரும்.”

“போகட்டும் மாப்ளே.”

“பின்னால வேணும்னா மாட்ட முடியாது. கிளிப்பெல்லாம் ஒடைஞ்சிரும்.”

“ஒடையட்டுங்கிறேன்ல. சோலியப் பாரு.”

சக்கரத்தைக் கழற்றி, உட்பக்கமிருந்த திருகுகளை மாமா ஒவ்வொன்றாக எடுத்தார். உடும்புபோல் பிடித்திருந்த வளைவை இழுக்க இழுக்க உள்ளே கிளிப்புகள் பட் பட்டென்று உடைந்தன. வளைவுக்குப் பின்னாலிருந்து பத்து வருடத்து மலைமண் கட்டி கட்டியாக விழுந்தது. கதவுப் பட்டைகள் பசையில் ஒட்டியிருந்ததால் வரவில்லை. அம்மா வெந்நீர் போட்டுக் கொண்டுவந்தாள். துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்து, பட்டைக்கும் கதவுக்கும் நடுவே தூண்டில் நரம்பை விட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்து அப்பாவும் மாமாவும் ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தார்கள். மிச்சப் பசையை அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். பட்டை எடுத்த இடமெல்லாம் வெயில் படாத பச்சை, அன்று பறித்த ஏலக்காய் நிறத்தில் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது. நடுநடுவே திருகு இருந்த ஓட்டைகள்.

“பெயிண்டாவது அடிச்சிருவோம் மச்சான். பாக்கச் சகிக்கல” என்றார் மாமா.

“சகிக்காமத்தான் இருக்கட்டும்” என்று அப்பா ஓட்டைகளை மட்டும் அடைக்கச் சொன்னார்.

நான் அழுதேன். எங்கள் மரியாதையை எல்லாம் எங்கள் வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள் என்று கோபம். அப்பா கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. மாமா ஒரு வளைவைத் தூக்கிக் காட்டி, “இந்தா ஆத்தா, நீ மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போ, வாத்தியாரு ஒதுங்கி நிப்பாரு” என்று சிரித்ததில் அழுகை இன்னும் கூடியது.

திங்கட்கிழமை விடியலில் நிறுத்தம் வரை நானும் முன்சீட்டில் போனேன். அம்மா வண்டியில் வராமல் முன்னாடியே நடந்துபோய்த் தன் கூட்டத்தோடு நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் பெண்கள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள். பிறகு ஒரு பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்னண்ணே, வண்டிக்கு மொட்டை போட்டுட்டீக?”

“வேண்டுதலும்மா.”

“எந்தச் சாமிக்கு?”

“ஒங்களுக்குத்தான். வெரசா ஏறுங்க, நேரமாச்சு.”

சிரித்துக்கொண்டே அவள்தான் முதலில் ஏறினாள். வளைவு இருந்த இடத்தில் வெறுமனே தெரிந்த டயரின் மேல் காலை ஊன்றி, கம்பியைப் பிடித்து உன்னினாள். அவள் பின்னால் மற்றவர்கள். “தள்ளி உக்காருடி”, “ஒன் வாளிய எடு, முட்டுது” என்று ஒரே கூச்சல். நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி முழுக்கச் செம்மண்ணும் சாக்கு வாசனையுமாகிவிட்டது. அப்பா, இத்தனை நாள் பார்க்காத ஒரு சிரிப்போடு ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படிச் சிரிக்க முடிகிறது என்று நான் கீழே இறங்கி நின்று முறைத்தேன்.

கடைசியாக அம்மா வந்தாள். மற்றவர்களைப் போலவே டயரில் காலை வைத்தாள்.

“அம்மா, செருப்பு!” என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“காலுலதாண்டி இருக்கு” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அம்மா மறந்துவிட்டாள் என்றே நான் நினைத்தேன். சாயங்காலம் வண்டி திரும்பியதும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே காய்ந்து கிடந்த மண்ணை, அவளுக்குக் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டே கூட்டித் தள்ளினேன்.