ஹவுஸ்ஃபுல்லான காலைக்காட்சி

என் மாமாவுக்குப் பொன்னமராவதியில் ஒரு தியேட்டர் இருந்தது. பெரிய நடிகர் படமெல்லாம் டவுன்காரர்கள் பார்த்துத் தீர்த்த பிறகுதான் அங்கே வரும். நான் ஐந்தாவது படித்தபோது, மாமா துணிந்து ஒரு பெரிய படத்தை ரிலீஸ் அன்றைக்கே எடுத்துவிட்டார். ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேசிய தொகையை விநியோகஸ்தருக்கு முன்னாலேயே கட்டிவிட வேண்டும். அத்தையின் நகையெல்லாம் அடகுக்குப் போனது. படம் கவிழ்ந்தால் தியேட்டரும் கையைவிட்டுப் போகும் என்று பெரியவர்கள் குசுகுசுத்தார்கள். எனக்கோ ஓசியில் படம் பார்க்கிற சந்தோஷம்.

முதல் நாள் ஊரே திரண்டது. மறுநாளே கூட்டத்தைக் காணோம். படத்தின் லட்சணம் அப்படி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் காலைக்காட்சிக்குப் போனால், வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்குகிறது! அம்மா போனில் டிக்கெட் புக்கிங்கைத் திறந்து பார்த்தாள்; அதிலும் எல்லா இருக்கைக் கட்டங்களும் விற்றுப்போனதாகச் சிவந்திருந்தன.

"எல்லாம் போன்லயே போயிருச்சுக்கா. ஹவுஸ்ஃபுல்லுன்னு தெரிஞ்சாத்தான் நம்ம சனம் அடிச்சுப் பிடிச்சு வரும்" என்றார் மாமா. அம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. பெண்டுபிள்ளைகளோடு பெரிய கூட்டம். போர்டைப் பார்த்ததும் எல்லார் முகமும் தொங்கிப்போயிற்று.

"அண்ணே, அங்கிட்டு ஓரமா நின்னாச்சும் பாத்துக்கிறோம், விடுங்க" என்று ஒரு அக்கா கெஞ்சினார்.

மாமா வாயைத் திறந்தார். உள்ளே விட்டால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். "எடமில்லைங்க. சாயங்காலம் வாங்க" என்றார்.

"சாயங்காலம் கல்யாண வீட்டுக்குப் போகணும்ண்ணே" என்று அந்த அக்கா முனகிக்கொண்டே ஏறினார். வேன் தெரு திரும்பும்வரை மாமா அசையாமல் நின்றார்.

மாமா எங்களை மட்டும் உள்ளே விட்டார். போய்ப் பார்த்தால் ஈ காக்கை இல்லை. நாற்காலிகள் வரிசை வரிசையாக மடங்கிக் கிடந்தன. போனில் எல்லாம் நிரம்பியிருந்ததே! அப்படியானால் கண்ணுக்குத் தெரியாதவர்கள்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். யார் மடியிலாவது உட்கார்ந்துவிடுவோமோ என்று நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டேன். விளக்கு அணைந்தது. திரையில் கதாநாயகன் வந்ததும் படத்துக்குள் இருந்த கூட்டம் விசிலடித்தது. அந்தச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் இருந்த காலி நாற்காலிகளிலிருந்து வந்தது.

பிறகு காமெடிக் காட்சி. திரையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் இருட்டில் யாரோ விக்கி விக்கி அழுதார்கள். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"படத்துலதான்டி அழுகுறாங்க. முன்னாடி பாரு" என்றாள். படத்தில் யாரும் அழவில்லை.

இடைவேளையில் விளக்கு எரிந்தது. கடைசி வரிசையில் மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அவருக்கும் என்னைப் போலப் பயம்தான் போல என்று நினைத்து, கிட்டத்தில் போய் ரகசியமாகக் கேட்டேன்: "மாமா, டிக்கெட் வாங்குனவங்கள்லாம் எங்கிட்டு உக்காந்திருக்காங்க?"

மாமா நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "எல்லாச் சீட்டுலயுந்தான் ஆத்தா" என்றார்.

நான் அலறியடித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். மிச்சப் படம் முழுக்க அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அத்தனை சீட்டையும் தன் போனிலிருந்து வாங்கிப் போட்டது மாமாவேதான் என்பதும், அவர் வாயாலேயே திருப்பி அனுப்பியதுதான் அன்று நிஜமாக வந்த ஒரே கூட்டம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அவர் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.