டிவி பக்கத்தில் வைத்த காந்தம்

எங்களுக்குச் சொந்தமாக, ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஓடுகிறது. போர்க்குழியில் விழுந்த இரும்பைக் கயிறு கட்டி எடுக்க ஒரு காந்தம் உண்டு. தேங்காய் அளவுதான், தூக்க இரண்டு கை வேண்டும். ஆயுத பூஜைக்கு அதையும் கழுவிச் சந்தனம் வைத்துச் சாமி படத்தடியில் வைப்பேன். போன வருடம் அங்கே இடம் போதவில்லை. டிவி பக்கத்தில் வைத்தேன்.

அது பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பழைய டிவி. முந்தின நாள்தான் என் தம்பி அதைத் திறந்து சரிசெய்திருந்தான். விமான நிலையத்தில் ரேடார் திரைகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். பூஜை முடிந்து டிவியைப் போட்டால், மூலையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை. செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மல்லசமுத்திரத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் முன்னால், ரேடார் பார்த்த கைக்கு இந்தப் பெட்டிகூட வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

தம்பி சாப்பிடாமல் எழுந்து செருப்பைப் போட்டான். போனால் திரும்ப வரமாட்டான். இருவருக்கும் ஒரே ரத்தம், ஒரே வீம்பு. நானும் கூப்பிடவில்லை.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, அந்தக் காந்தத்த அங்க வெச்சது ஆரு?"

"நாந்தான். அது டிவியத் தொடக்கூட இல்லயே."

செருப்போடு உள்ளே வந்து காந்தத்தை மெல்ல நகர்த்தினான். அந்தப் பெண்ணின் முகமும் கூடவே நகர்ந்தது.

டிவிக்குள் இருக்கும் படக்குழாயின் கழுத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கீற்று ஒன்று வந்து திரையில் அடிக்கிறதாம். அடித்த இடம் ஒளிருமாம். கழுத்தைச் சுற்றிய செம்புக்கம்பிச் சுருளின் காந்த இழுப்புதான் அதைத் திருப்புமாம். டிவியில் வரிவரியாக ஓடும். அவன் பார்த்த பழைய ரேடாரில், வெளியே ஆண்டெனா சுற்றுகிற வேகத்துக்கு அந்தச் சுருளும் கழுத்தைச் சுற்றுமாம். அதனால் நடுவில் கிளம்பும் கோடு கடிகார முள்போலத் திரையைச் சுற்றி வருமாம். வேறு காந்தம் கிட்டே வந்தால் கீற்று வழி மாறிவிடும்.

கீற்றில் இரும்பு இருக்கிறதா என்றேன். இல்லை என்றான். பிறகு காந்தம் எதை இழுக்கிறது?

காந்தத்தை எடுத்தும் கறை போகவில்லை. திரைக்குப் பின்னால் உள்ள மெல்லிய இரும்புத் தகட்டில் காந்தம் ஏறிவிட்டதாம். தன் பையிலிருந்த கம்பி வளையத்தைப் பிளக்கில் சொருகி, திருஷ்டி சுற்றுவதுபோலத் திரை முன்னால் சுற்றிச் சுற்றிப் பின்னால் நகர்ந்தான். கறை போய்விட்டது. கரண்ட் ஓடும்போது அந்த வளையமும் காந்தம்தானாம். கெடுத்ததும் காந்தம், சரியாக்கியதும் காந்தமா?

சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பி, கெடுத்தது நான்தான் என்றேன். தம்பி செருப்பைக் கழற்றினான்.

இலை போட்டேன். குழம்புச் சோறு முடிகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"சாமி, இரும்பே இல்லாதத காந்தம் எப்படிடா இழுக்கும்?"

"மொதல்ல ரசம் ஊத்துங்கக்கா."